அட்டர்னி ஜெனரலை யார் கேள்வி கேட்பது?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரஷ்யா தலையிட்டதையும் அதில் டிரம்ப் தரப்புக்குப் பங்கு உண்டா என்பதையும் சிறப்பு விசாரணை அதிகாரி ராபர்ட் முல்லர் விசாரித்தார். அந்த விசாரணை பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றி வருகின்றன. அதிபரை விசாரிக்கும் ஒரு விசாரணை, அதே அதிபர் நியமித்த அட்டர்னி ஜெனரலின் கைக்குள் இருக்கிறது. அவரை நாடாளுமன்றம் எந்த அளவுக்குப் பிடித்து நிறுத்த முடியும்? சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இந்தியாவில் இருக்கும் அட்டர்னி ஜெனரலும் அமெரிக்காவில் இருப்பவரும் ஒன்றுதானா?

இல்லை. இந்தியாவில் அவர் அரசின் முதன்மை வழக்கறிஞர், அமைச்சர் அல்ல. அமெரிக்காவில் அவர் அமைச்சரவையில் இருப்பவர். நீதித்துறை முழுவதும் அவர் பொறுப்பு, எஃப்.பி.ஐ.யும் அதற்குள் வரும். அதிபர் பெயரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தரவேண்டும். இலங்கையின் சட்டமா அதிபருக்குக் குற்ற வழக்குத் தொடரும் அதிகாரம் உண்டு, ஆனால் அவரும் அமைச்சர் இல்லை.

கேள்வி: சிறப்பு விசாரணை அதிகாரி சுதந்திரமாகச் செயல்படுபவர் என்கிறார்கள். அப்புறம் அட்டர்னி ஜெனரலுக்கு அதில் என்ன வேலை?

ஒரு காலத்தில் உண்மையிலேயே தனித்து நின்றார்கள். அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978இல் வந்த சட்டப்படி, நீதிபதிகள் குழு ஒன்றுதான் அந்த அதிகாரியை நியமித்தது. கிளிண்டன் மீதான விசாரணையோடு இரண்டு கட்சிகளுக்குமே அந்தச் சட்டம் கசந்துபோனது. 1999இல் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது நீதித்துறையின் உள்விதி மட்டுமே.

அந்த விதிப்படி நியமிப்பதும் அட்டர்னி ஜெனரல், தகுந்த காரணம் இருந்தால் நீக்குவதும் அவர். இறுதி அறிக்கை ரகசியமாக அவர் கைக்குத்தான் போகும். நாடாளுமன்றத்துக்கு அவர் எழுதியே ஆகவேண்டியது மூன்று கட்டங்களில்: நியமிக்கும்போது, நீக்கும்போது, விசாரணை முடியும்போது. அதிகாரி கேட்ட ஏதாவது ஒன்றை அவர் தடுத்திருந்தால் கடைசிக் கடிதத்தில் அதையும் சொல்லவேண்டும். முழு அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும் என்று எந்த வரியும் அதில் இல்லை. 2019இல் நடந்த அத்தனை இழுபறியும் இந்த ஓட்டையிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: முல்லர் அறிக்கை பற்றி அப்போதைய அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லையே? ஏன் அவ்வளவு கோபம்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முல்லர் அறிக்கையை ஒப்படைத்தது 2019 மார்ச் 22, வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே பார், அறிக்கையின் முக்கிய முடிவுகள் இவை என்று நாடாளுமன்ற நீதிக்குழுக்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். டிரம்ப் பிரசாரக் குழுவினர் ரஷ்ய அரசோடு கூட்டுச்சதி செய்ததாக விசாரணையில் நிறுவப்படவில்லை என்று அறிக்கையிலிருந்தே மேற்கோள் காட்டினார். ஆனால் அது பாதி வாக்கியம். முன்பாதியில் என்ன இருந்தது? டிரம்ப் அதிபரானால் தனக்கு ஆதாயம் என்று ரஷ்ய அரசு கருதி அதற்காக வேலை செய்தது. ரஷ்யத் தரப்பு திருடி வெளியிட்ட தகவல்களால் தேர்தலில் தங்களுக்கு லாபம் வரும் என்று பிரசாரக் குழுவும் எதிர்பார்த்தது. இரண்டு பாதியையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள், மனதில் பதியும் சித்திரமே வேறு.

நீதிக்கு இடையூறு செய்ததாக எழுந்த புகாரில் முல்லர் எந்தப் பக்கமும் முடிவு சொல்லவில்லை. பாரும் துணை அட்டர்னி ஜெனரல் ராட் ரோசன்ஸ்டைனும் ஆதாரம் போதாது என்று தாங்களே முடிவு கட்டினார்கள். மார்ச் 27இல் முல்லர் பாருக்குக் கடிதம் எழுதி, தங்கள் பணியின் சூழலையும் தன்மையையும் சாரத்தையும் அந்தக் கடிதம் முழுமையாகக் காட்டவில்லை என்று ஆட்சேபித்தார்.

நாடாளுமன்றக் கண்காணிப்பு எங்கே வழுக்கியது என்பதற்கு ஏப்ரல் 9ஐப் பார்க்கவேண்டும். பட்ஜெட் துணைக்குழு முன் பார் உட்கார்ந்திருக்கிறார். உறுப்பினர் சார்லி கிறிஸ்ட், முல்லர் குழுவினருக்கு உங்கள் கடிதத்தில் அதிருப்தி என்று செய்தி வருகிறதே, அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது என்கிறார் பார். முல்லரின் கடிதம் அப்போதே அவரிடம் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. பின்னால் அதைப் பற்றிக் கேட்டபோது, கேள்வி குழுவினரைப் பற்றித்தானே தவிர முல்லரைப் பற்றி இல்லை என்று விளக்கம் தந்தார். இதை நான் மன்னிக்கத் தயாரில்லை. அதே சமயம், "முல்லர் உங்களுக்கு ஏதாவது எழுதினாரா?" என்று அன்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் தப்பிக்க வழியே இருந்திருக்காது.

சில பகுதிகளைக் கறுப்பு மை பூசி மறைத்த 448 பக்க அறிக்கை ஏப்ரல் 18இல்தான் வந்தது. இடையில் 25 நாள். அதற்குள் பெரும்பாலான மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

கேள்வி: பார் பிரதிநிதிகள் சபைக்கு வரவே மறுத்தார். அவமதிப்புத் தீர்மானம் வந்தது. ஆனாலும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

மே 2 காலை நீதிக்குழு கூடியபோது சாட்சி மேசையில் அவர் பெயர்ப் பலகை இருந்தது, நாற்காலி காலி. குழுவின் வழக்கறிஞர்கள் தன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. உறுப்பினர் ஒருவர் பொரித்த கோழி வாளியைக் கொண்டுவந்து வைத்துச் சாப்பிட்டார். அன்றைய செய்தியெல்லாம் அந்தக் கோழியைப் பற்றியே ஆகிவிட்டது. வருத்தமாக இருந்தது.

மறைக்காத முழு அறிக்கையைத் தராததற்காக மே 8இல் குழு 24க்கு 16 என்று அவமதிப்பைப் பரிந்துரைத்தது. அதே நாளில் டிரம்ப், ஆவணங்களைத் தர மறுக்க அதிபருக்கு உள்ள சிறப்புரிமையைக் கோரினார். இப்போது சிக்கலைப் பாருங்கள். அவமதிப்புக்கு ஓராண்டு வரை சிறை உண்டு, ஆனால் வழக்குப் போடவேண்டியவர் வாஷிங்டனின் அரசு வழக்கறிஞர். அவர் அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை செய்பவர்! அட்டர்னி ஜெனரலாக இருந்த எரிக் ஹோல்டர் மீது 2012இலும் மெரிக் கார்லண்ட் மீது 2024இலும் முழுச் சபையே அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டு முறையும் நீதித்துறை வழக்குத் தொடரவில்லை. டிரம்பின் ஆலோசகர்களாக இருந்த ஸ்டீவ் பேனன், பீட்டர் நவாரோ இருவரும் அதே குற்றத்துக்கு நான்கு மாதம் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கு அந்தக் கவசம் இல்லை.

நீதிமன்ற வழி இருக்கிறது, ஆனால் ஆமை வேகம். முல்லர் விசாரணையின் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்ட ஆதாரம் உண்டா என்று ரகசியமாகப் பார்க்கும் குடிமக்கள் குழு) ஆவணங்களைத் தரச்சொல்லி 2019 அக்டோபரிலேயே தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு, மேல்முறையீடு என்று இழுத்து, ஆட்சியே மாறி, 2021இல் உச்ச நீதிமன்றம் விஷயம் காலாவதியாகிவிட்டது என்று முடித்தது.

கேள்வி: நாடாளுமன்றமே ஆள் அனுப்பிக் கைது செய்ய முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1924இல் அட்டர்னி ஜெனரல் ஹாரி டோஹர்ட்டி ஊழல்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்காமல் இருந்ததை செனட் விசாரித்தது. ஓஹையோவில் வங்கித் தலைவராக இருந்த அவர் தம்பி மாலி டோஹர்ட்டி சம்மனுக்கு வரவில்லை. செனட் தன் காவல் அலுவலரை அனுப்பிக் கைது செய்தது. 1927இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உறுதி செய்தது. 1930களுக்குப் பிறகு இதை யாரும் பயன்படுத்தவில்லை. 2024இல் அதே அதிகாரத்தைக் காட்டி, கார்லண்டுக்கு நாளுக்கு 10,000 டாலர் அபராதம் போட பிரதிநிதிகள் சபையில் ஒரு முயற்சி நடந்து, 204க்கு 210 என்று தோற்றது.

கேள்வி: எல்லாம் கட்சிச் சண்டைதானே?

வாக்குகள் கட்சி வாரியாகத்தான் விழுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர் யார் என்று பார்த்து என் பதில் மாறாது. அதிபர் பைடனைச் சிறப்பு விசாரணை அதிகாரி கேள்வி கேட்டதன் எழுத்து வடிவத்தைக் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவைத் தர மறுத்தார் கார்லண்ட். அதைக் குடியரசுக் கட்சியினர் கேட்டது நியாயம். முல்லரின் முழு அறிக்கையை ஜனநாயகக் கட்சியினர் கேட்டதும் நியாயம்.

கேள்வி: அட்டர்னி ஜெனரலைப் பதவிநீக்கம் செய்ய முடியாதா?

முடியும். முதலில் பிரதிநிதிகள் சபை குற்றச்சாட்டை நிறைவேற்றவேண்டும், பிறகு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதுவரை எந்த அட்டர்னி ஜெனரல் மீதும் பிரதிநிதிகள் சபை அந்தக் குற்றச்சாட்டை நிறைவேற்றியதில்லை.

கேள்வி: அப்படியானால் நாடாளுமன்றத்தின் பிடி எப்போதுதான் இறுகும்?

பதவிக்கு வருவதற்கு முன்னால். அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அதிபர் நிக்சன் பெயர் சொன்ன எலியட் ரிச்சர்ட்சனை 1973 மே மாதம் செனட் நீதிக்குழு சும்மா விடவில்லை. வாட்டர்கேட்டுக்குத் தனி வழக்கறிஞர் யார், அவருக்கு என்ன அதிகாரம், எந்தக் காரணத்துக்காக நீக்குவீர்கள் என்று எழுத்திலேயே வாங்கிக்கொண்டது. அந்தத் தனி வழக்கறிஞராக ரிச்சர்ட்சன் தேர்ந்தெடுத்த ஆர்ச்சிபால்ட் காக்ஸையும் கூடவே உட்காரவைத்து விசாரித்த பிறகுதான் ஒப்புதல்.

2019 ஜனவரியில் பார் மீது செனட்டுக்கு அந்தப் பிடி இல்லை. முல்லர் வேலையை முடிக்க விடுவேன் என்றார். அறிக்கையைச் சட்டத்துக்கு உட்பட்டு முடிந்தவரை வெளியிடுவேன் என்றார். முந்தைய ஜூனிலேயே முல்லரின் அணுகுமுறையை எதிர்த்து அவர் 19 பக்கக் குறிப்பு எழுதியிருந்தது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "முடிந்தவரை" என்றால் எவ்வளவு என்று கறாராக எழுதி வாங்காமலே 54க்கு 45 என்று செனட் அனுப்பிவைத்தது.

ரிச்சர்ட்சன் விஷயத்துக்கு வருவோம். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. காக்ஸை நீக்கு என்று நிக்சன் உத்தரவிட்டார். செனட்டுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று ரிச்சர்ட்சன் அன்றே பதவி விலகினார். அந்த வாக்குக்கு அப்போது ஐந்து மாத வயது.