அறுவை மேசையில் படுக்க வைக்கும் விதம்: வாசகர் கேள்விகளுக்கு மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். 62 வயதான என் தாயாருக்கு அண்மையில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. சுமார் நான்கு மணி நேரம் அவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே கொண்டுவந்தபோது முகமும் கண்ணிமைகளும் வீங்கியிருந்தன, மறுநாள் வடிந்துவிட்டன. நெஞ்சு அழுந்தக் கிடந்ததால் நுரையீரலோ இதயமோ பாதிக்கப்பட்டிருக்குமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: மறுநாளே வடிந்த வீக்கம் குறித்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. முகம் தாழ்ந்த நிலையில் பல மணி நேரம் இருந்தால் அங்குள்ள திசுக்களில் நீர் சேர்வது இயல்பு. நரம்பு வழியே ஏற்றப்படும் திரவமும் அதைச் சற்றுக் கூட்டும். ஆனால், படுக்க வைக்கும் நிலை உறுப்புகளைப் பாதிக்குமா என்று நீங்கள் கேட்பது சரியான கேள்வி. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தூக்கத்தில் கை மரத்துப்போனால் நாம் தானாகப் புரண்டு படுக்கிறோம். சட்டென எழுந்து நின்றால், ரத்தம் கால்களிலேயே தங்கிவிடாதபடி ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயத் துடிப்பும் கூடி, ரத்த அழுத்தம் காக்கப்படுகிறது. முழு மயக்கம் முதலாவதை அறவே நிறுத்திவிடுகிறது, இரண்டாவதை மழுங்கச் செய்கிறது. நோயாளியின் உடல் செய்ய வேண்டிய காவலை அந்த நேரத்தில் நாங்கள்தான் செய்தாக வேண்டும். ஆகவே, படுக்க வைக்கும் நிலையை அளவறிந்து கொடுக்க வேண்டிய இன்னொரு மருந்தாகவே நான் கருதுகிறேன்.

நுரையீரலை எடுத்துக்கொள்வோம். நின்றுகொண்டிருப்பவர் மல்லாந்து படுத்தாலே, மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் எஞ்சியிருக்கும் காற்று முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைகிறது. மயக்கம் கொடுத்ததும் தசைகள் தளர்ந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை வயிற்று உறுப்புகள் மேலே தள்ளுவதால் மேலும் ஏறக்குறைய அரை லிட்டர் குறைகிறது. குப்புறப் படுக்க வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில், முறையாகப் படுக்க வைத்தால் முதுகுப்புறத்து நுரையீரல் பகுதிகள் நன்றாக விரிந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் கலப்பது மேம்படவே செய்கிறது. கொரோனா காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளை மணிக்கணக்கில் குப்புறக் கிடத்தியதற்குக் காரணம் இதுதான். கடுமையான நுரையீரல் செயலிழப்பில் அந்த முறை உயிர்களைக் காக்கிறது என்பதை, பிரான்சு மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு முன்னரே காட்டியிருந்தது.

எல்லாம் வயிறு அழுந்தாமல் இருப்பதைப் பொறுத்தது. மார்புக்கும் இடுப்பெலும்புக்கும் அடியில் திண்டுகளை வைத்து, நடுவில் வயிறு தடையின்றித் தொங்கும்படி விடுவார்கள். வயிறு அழுந்தினால் உதரவிதானம் இறங்க முடியாது. உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக் குழாயான கீழ்ப் பெருஞ்சிரை நசுங்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அந்த ரத்தம் மாற்றுவழி தேடி முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள, வால்வுகள் இல்லாத சிரைகளில் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்யும். விளைவு, அறுவை நடக்கும் இடத்திலேயே ரத்தப்போக்கு கூடும். நோயாளியைப் புரட்டும்போது தலையையும் மூச்சுக் குழாயையும் மயக்கவியல் மருத்துவர் தம் கையில் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் ஒரே நேரத்தில் உடலைத் திருப்புவார்கள். திருப்பி முடித்ததும் அவர் முதலில் நெஞ்சின் இருபுறமும் மூச்சொலி கேட்கிறதா என்று பார்ப்பார், பிறகு வயிற்றுக்கடியில் கையை விட்டுப் பார்ப்பார், அடுத்து கண்கள். கண்விழி எதிலாவது அழுந்தினால் விழித்திரைக்குப் போகும் ரத்தம் நின்று பார்வையே பறிபோகலாம். அது அரிதுதான், ஆனால் நேர்ந்தால் பெரும்பாலும் மீட்க முடியாதது என்பதால், அறுவை முடியும் வரை கண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்போம். உங்கள் தாயாருக்குப் பார்வை மங்கலோ, கைகளில் மரமரப்போ, மூச்சுத் திணறலோ இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு லேப்ராஸ்கோபி முறையில் கர்ப்பப்பையை அகற்ற வேண்டும் என்கிறார்கள். அப்போது தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள் என்று அறிந்தேன். எனக்குக் கண்ணில் கிளாக்கோமா உள்ளது. செய்துகொள்ளலாமா?
(வாசகி, கோவை)

பதில்: ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பர்க்கின் பெயரால் வழங்கும் நிலை அது. தலை தாழ்ந்தால் குடல் மார்பை நோக்கிச் சரிந்து, இடுப்புக்குழி அறுவை மருத்துவரின் பார்வைக்குத் தெளிவாகத் தெரியும். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். சாய்வும் வாயுவும் சேரும்போது நுரையீரல் விரிவது கடினமாகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் குறைந்து, அந்த நேரத்தில் சிறுநீரும் குறைகிறது. தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடுவதால் மூளையைச் சூழ்ந்த அழுத்தமும் கண்ணின் உள்ளழுத்தமும் ஏறுகின்றன.

நலமான கண் இதைத் தாங்கிக்கொள்ளும். மேசையைச் சமப்படுத்தியபின் அழுத்தம் இறங்கிவிடும். கிளாக்கோமாவால் பார்வை நரம்பு ஏற்கெனவே நலிந்திருப்பவர்களுக்குத்தான் கவனம் தேவை. அதற்காக அறுவையே வேண்டாம் என்று நீங்களாக முடிவுசெய்துவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் இப்போதைய அழுத்தத்தையும் நரம்பின் நிலையையும் எழுதி வாங்கி, மயக்க மருந்துக்கு முந்தைய பரிசோதனையிலேயே காட்டுங்கள். சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்; எந்த மருந்து என்பதையும் தெரிவியுங்கள். சாய்வைக் குறைப்பது, வாயு அழுத்தத்தைக் குறைப்பது, இடையிடையே மேசையைச் சமப்படுத்துவது, தேவையானால் வேறு அறுவை முறையைத் தேர்ந்தெடுப்பது ஆகிய வழிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நோயைப் பற்றித் தெரிந்தால்தான் அவற்றைக் கையாள முடியும். தோளை உயர்த்த முடியாதவர்களும், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், தட்டையாகப் படுத்தால் மூச்சு வாங்குபவர்களும் இதேபோல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: சிசேரியனின்போது என் மனைவியை நேராகப் படுக்க வைக்காமல் இடப்பக்கம் சற்றுச் சாய்த்திருந்தார்களாம். ஏன்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஏறக்குறைய 20 வாரங்களுக்குப் பிறகு, மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து தாயின் ரத்த அழுத்தம் இறங்கலாம். குழந்தைக்குச் செல்லும் ரத்தமும் குறையும். முதுகில் போடும் ஊசி உடலின் கீழ்ப்பகுதி ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் இறக்கம் இன்னும் வேகமாகும். அதனால்தான் வலது இடுப்பின் கீழ் ஒரு திண்டு வைத்தோ மேசையைச் சாய்த்தோ, ஏறத்தாழ 15 டிகிரி இடப்பக்கம் சரியச் செய்கிறோம். குழந்தையை வெளியே எடுத்தபின் சாய்வு தேவைப்படுவதில்லை.