ஏப்ரலில் உங்கள் சம்பளம் ஏறியதா?

வாசகர் கேள்விகள்: குறைந்தபட்ச ஊதியம்

கேள்வி: ஜவுளிக்கடையில் ஐந்து வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். வருடா வருடம் முதலாளியாகப் பார்த்து ஐந்நூறு ரூபாய் ஏற்றுவார். கேட்டால், "கவர்ன்மென்ட் ரேட்டுக்கு மேலேதான் தர்றோம்" என்கிறார். இது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கடை ஊழியர், திருநெல்வேலி

பதில்: அவர் சொல்வதை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தைத் தொழில்வாரியாக அரசாணையில் நிர்ணயிக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்துவது "கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள்" என்ற தலைப்பில் வரும் ஆணை. அதில் வேலைப் பிரிவு பார்த்து அடிப்படை ஊதியம் இருக்கும். பல ஆணைகளில் மாநகராட்சி, நகராட்சி, பிற ஊர்கள் என்று மண்டலமும் பிரித்திருப்பார்கள். உங்கள் பிரிவையும் ஊரையும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த வரியில்தான். அடிப்படை ஊதியத்தோடு, விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டத் தரும் பஞ்சப்படியும் (டி.ஏ.) சேர்ந்ததுதான் குறைந்தபட்ச ஊதியம். பஞ்சப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு, அதாவது விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்ணோடு, கட்டப்பட்டது. முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, ஏப்ரல் 1 அன்று மாற்றுவார்கள். ஆணையில் இருக்கும் ஆரம்பப் புள்ளிக்கு மேல் ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என்று கணக்கு. கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை எண்: ஆரம்பப் புள்ளி 1,000, சராசரி 1,400, புள்ளிக்கு 5 ரூபாய் என்றால் பஞ்சப்படி 400 × 5 = 2,000 ரூபாய்.

செய்தியில் வரும் குறியீட்டெண்ணை அப்படியே எடுத்துவிடாதீர்கள். இப்போது வெளியாவது 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடர், அதாவது அந்த ஆண்டு விலையை 100 என்று வைத்து எண்ணுவது. 1982 தொடரைக் குறிப்பிடும் ஆணையோடு அதை நேரடியாக ஒப்பிட்டால் பஞ்சப்படி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்! தொழிலாளர் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பஞ்சப்படி அட்டவணையைப் பார்ப்பதே நல்லது.

ஆக, முதலாளி மனது வைத்து ஏற்றும் ஐந்நூறு வேறு, ஏப்ரலில் தானாக ஏற வேண்டிய தொகை வேறு. ஐந்து வருடத்துக்கு முன் ரேட்டுக்கு மேலே இருந்த சம்பளம் இன்று கீழே இறங்கியிருக்கலாம். ஒன்று மட்டும்: ஏற்கெனவே அதிகம் வாங்கிக்கொண்டிருந்தால், ஆணையைக் காட்டி அதைக் குறைக்க முடியாது.

கேள்வி: சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஆட்களுக்கு மொத்தச் சம்பளமாகத்தான் கொடுக்கிறேன், அது அரசு ரேட்டுக்குக் கூடுதல். பஞ்சப்படியைத் தனியாகவும் தர வேண்டுமா?
– பட்டறை உரிமையாளர், கோவை

பதில்: வேண்டாம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகைக்குக் குறையாமல் கொடுத்தால், அதற்குமேல் பஞ்சப்படி தனியாகத் தர வேண்டியதில்லை என்று ஏர்ஃபிரெய்ட் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் "மொத்தம்" என்பதில் எதையெதைச் சேர்க்கிறீர்கள் என்று பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய ஊதியச் சட்டங்களுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், கமிஷன் எல்லாம் ஊதியக் கணக்குக்கு வெளியே. இப்படி ஒதுக்கியவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் திரும்ப ஊதியத்தில் சேரும். பி.எஃப். குறைக்க சம்பளத்தைப் பல படிகளாக உடைத்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: அப்பா ஏஜென்சி மூலமாக ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். தினமும் 12 மணி நேரம், வாரவிடுமுறை இல்லை. மாதம் 13,000. தங்க ரூம் கொடுத்திருப்பதால் சம்பளம் அவ்வளவுதானாம். இது சரியா?
– வாசகி, தாம்பரம்

பதில்: சரியில்லை. 13,000 என்பதையே குறைந்தபட்ச மாத ஊதியமாக வைத்துப் பார்ப்போம். மாத ஊதியத்தை நாள் கூலியாக்க 26-ஆல் வகுக்க வேண்டும், 30-ஆல் அல்ல. நாளுக்கு 500 வருகிறது. அது 8 மணி நேரத்துக்கான கூலி, அதாவது மணிக்கு 62 ரூபாய் 50 காசு. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, 125 ரூபாய். தினமும் கூடுதலாக நிற்கும் 4 மணி நேரத்துக்கு இன்னொரு 500. 26 நாளுக்கே 26,000 வந்துவிடுகிறது. வார ஓய்வு நாளில் வேலை வாங்கியது தனிக்கணக்கு.

ரூம் கதைக்கு வருவோம். நிறுவனம் தரும் இடம், கரண்ட், தண்ணீர் இவற்றின் மதிப்பை ஊதியமாகக் காட்ட முடியாது. சம்பளத்துக்குப் பதிலாகச் சாப்பாடு போன்று பொருளாகக் கொடுத்தால் மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் வரைதான் கணக்கில் சேரும். "ரூம் இலவசம்" என்று சொல்லிவிட்டு அதையே கூலியில் கழிப்பது நம் ஊரில் சகஜம்தான். சகஜமாகிவிட்டால் சட்டமாகிவிடாது.

ஏஜென்சி கைவிரித்தால், அப்பா வேலை செய்யும் இடத்தின் நிர்வாகமும் பொறுப்பு. மனுவில் இரண்டு தரப்பையும் எதிர்மனுதாரராகக் காட்டுங்கள். ஏஜென்சியை மட்டும் காட்டிவிட்டு, அது பலகையைக் கழற்றிக்கொண்டு போன பிறகு தவிப்பவர்கள் நிறைய.

கேள்வி: பீஸ் ரேட்டில் தைக்கிறேன். எங்களுக்கும் இது உண்டா?
– தையல் தொழிலாளி, ஈரோடு

பதில்: உண்டு. முழுநாள் தைத்தும் அந்தப் பிரிவின் நாள் கூலி தேறவில்லையென்றால், மீதியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எத்தனை உருப்படி, துணி வராமல் எவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். இல்லையென்றால் "அவர் அரைநாள்தான் வந்தார்" என்பார்கள்.

கேள்வி: ரிஜிஸ்டரில் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டுக் குறைத்துத்தான் தருவார்கள். வேலையை விடும்போது "பாக்கி எதுவும் இல்லை" என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி கேட்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கேட்கலாம். குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. இது 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

சிக்கல் அந்த ரிஜிஸ்டர் கையெழுத்துதான். முழுத் தொகையும் கொடுத்ததற்கு முதலாளி காட்டும் சாட்சி அது. அதை உடைக்க, கைக்கு உண்மையில் வந்த தொகை தெரிய வேண்டும். பாஸ்புக் வரவு, பேங்கில் போட்டுவிட்டுத் திருப்பி வாங்கியிருந்தால் அதே நாள் ஏ.டி.எம்.மில் எடுத்த பதிவு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் டியூட்டி சார்ட், ஐ.டி. கார்டு, கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்கில் உங்கள் சம்பளம் எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்கள் எனவும் பாருங்கள். இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம். 13,000-க்குக் கையெழுத்து வாங்கிவிட்டு 60 ரூபாய் பிடித்திருந்தால் கணக்கில் காட்டியது 8,000-தான். 13,000-க்கு 97 ரூபாய் 50 காசு பிடித்திருக்க வேண்டும்.

மனுவை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுங்கள். மாதவாரியாக நான்கு கட்டம் போட்டு அட்டவணை இணையுங்கள்: மாதம், வர வேண்டியது, வந்தது, குறைவு. "குறைத்துக் கொடுத்தார்கள்" என்று பொதுவாக எழுதும் மனுக்கள்தான் மேசையிலேயே கிடக்கும். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தொழிற்சங்கம் உங்கள் சார்பில் மனு போடலாம்.

பழைய சட்டத்தில் ஆறு மாதம் என்றிருந்த காலக்கெடு, புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு. குறைவுத் தொகையோடு அதில் பத்து மடங்கு வரை இழப்பீடு சேர்த்துத் தரச் சொல்லும் அதிகாரம் விசாரிப்பவருக்கு உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்பு, எல்லோருக்கும் கிடைக்காது. ஆனாலும் மனுவில் அதைக் கேட்டு எழுதிவிடுங்கள்.