நிலைவாசலின் கீழ் கிடைத்த அறுகோணத் தகடு

கேள்வி: கடலூர் முதுநகரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் நிலைவாசலைப் பெயர்த்தபோது, ஆறு முனை நட்சத்திரம் கீறிய செப்புத் தகடு கிடைத்தது. இது செய்வினை என்றும், கழிக்க 45,000 ரூபாய் ஆகும் என்றும் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஆறு முனைகளிலும் ச, ர, வ, ண, ப, வ என்ற எழுத்துகளும் நடுவில் ஓங்காரமும் தெரிகின்றன. இது முருகனின் சடாட்சர யந்திரம், அதாவது ‘சரவணபவ’ என்ற ஆறெழுத்து மந்திரம் பொறித்த தகடு. நிலை வைக்கும் நாளில் நவமணிகளோடு காப்புத் தகட்டையும் அடியில் இடுவது நெடுநாள் வழக்கம்; முன்பு வாழ்ந்தவர்கள் தங்கள் குடும்பம் தழைக்க வைத்ததைத்தான் அந்த ஆள் உங்களைக் கெடுக்க வைத்தது என்கிறார்.

மேல்நோக்கிய முக்கோணம் சிவத்தையும் நெருப்பையும், கீழ்நோக்கியது சக்தியையும் நீரையும் குறிக்கும். இரண்டும் பின்னியதே அறுகோணம். பெருமாள் கோயில்களில் சக்கரத்தாழ்வார் நிற்பதும் இதற்குள்தான். புதுச்சேரியில் எங்கும் காணும் அரவிந்தர் சின்னத்திலும் இந்த இரு முக்கோணங்களே உள்ளன: இறங்குவது சத்-சித்-ஆனந்தம் (இருப்பு, அறிவு, பேரின்பம்), ஏறுவது மண்ணுலக உயிரின் வேட்கை, இடையிலுள்ள சதுரத்தில் நீரும் தாமரையும். யூதர்களின் நட்சத்திரமும் வடிவில் இதுவே. 1948-இல் அது இஸ்ரேல் கொடியில் ஏறியது. இத்தகையவர்கள் ‘சாத்தான் குறி’ என்று கைப்பேசியில் காட்டி மிரட்டுவது தலைகீழான ஐந்து முனை நட்சத்திரம். அதைத் தீமையின் அடையாளமாக்கியவர் 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் எலிஃபாஸ் லெவி. உங்கள் தகட்டின் முனைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு வகைத் தகட்டில் மட்டும் சரவணபவ இல்லாமல் ஓர் ஆளின் பெயரும் பிறந்த நட்சத்திரமும் இருக்கும். அதைக் கண்டுதான் மக்கள் பெரிதும் நடுங்குகிறார்கள். அர்ச்சனைச் சீட்டில் பெயர், நட்சத்திரம் சொல்வதைப் போல, அதை வைத்தவர் தமக்கே நன்மை வேண்டி எழுதியதாகவும் அது இருக்கலாம். அந்தப் பெயர் பழைய பத்திரத்தில் வீட்டுக்காரராக இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால், பச்சைக் களிம்பே ஏறாமல் பளபளக்கும் தகட்டை ‘மண்ணிலிருந்து எடுத்தேன்’ என்று எவராவது நீட்டினால், அது அவர் மடியில் கொண்டுவந்தது.

மராட்டியத்தில் இத்தகைய மோசடிக்கென்றே 2013-இல் சட்டம் வந்துவிட்டது. இங்கோ, காவல் நிலையத்துக்குப் போனால் ‘நம்பிக்கை விஷயம்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்; மிரட்டிப் பணம் கேட்டதை மோசடி என்றே எழுதிக் கொடுத்து, மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

தகட்டைப் புளி போட்டு அழுத்தித் தேய்த்தால் எழுத்து தேயக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, புதிய நிலையின் கீழேயே வையுங்கள். மனம் ஒப்பவில்லையெனில் அருகிலுள்ள முருகன் கோயில் குருக்களிடம் ஒப்படையுங்கள்.