செரோ சர்வேயில் சதவீதம் குறைவது ஏன்?

கேள்வி: தமிழ்நாட்டில் 2020 அக்டோபர், நவம்பரில் நடந்த முதல் செரோ சர்வேயில் (மக்களின் ரத்தத்தை எடுத்து ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு) சுமார் 31% பேருக்குக் கொரோனா ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், இருந்தது. 2021 ஏப்ரலில் 23%தான். தொற்று வந்தவர்களின் எண்ணிக்கை எப்படிக் குறையும்? பொதுச் சுகாதார வகுப்பில் இதைப் பற்றிப் பேச வேண்டும், விளக்குங்கள்.

பதில்: தொற்று வந்தவர்களின் எண்ணிக்கை குறையவே முடியாது. ஆனால் சர்வே எண்ணுவது, ரத்தம் எடுத்த அன்று சோதனைக் கிட் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி உள்ளவர்களை மட்டும்தான். தொற்று வந்து இரண்டு வாரம் வாக்கில் அது தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். அறிகுறி இல்லாமல் வந்துபோனவர்களுக்குப் பொதுவாக முதலிலிருந்தே அளவு குறைவு. அவர்கள்தான் முதலில் 'நெகட்டிவ்' ஆவார்கள். முதல் அலையின் உச்சத்துக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே அரை வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டாவது அலையில் அப்போதுதான் சிக்கியவர்கள் பலருக்கு ஆன்டிபாடி உருவாகவே நேரமில்லை. ஆன்டிபாடி இறங்கினால் எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழைய கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவு செல்கள் இருக்கின்றன.

தொற்று அரிதாக இருக்கும்போது சிக்கல் எதிர்ப்பக்கம் திரும்பும்: தொற்று வராதவர்களும் பாசிட்டிவ் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். இதை வகுப்பில் கட்டாயம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் 'கோவிட் கவச்' எலிசா கிட் (ரத்தத்தில் ஆன்டிபாடியைக் கண்டறியும் சோதனை), தொற்று வராதவர்களில் 97.9% பேரைத்தான் சரியாக நெகட்டிவ் என்று காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020 மே, ஜூனில் நடத்திய முதல் தேசிய சர்வேயின் முடிவு 0.73%, அதாவது 1,000 பேரில் ஏழு பேர். மீதி 993 பேரில் இந்தக் கிட் மட்டும் சுமார் 21 பேரைத் தவறாக பாசிட்டிவ் என்று சொல்லிவிடும்! உண்மையைவிடப் பொய் மூன்று மடங்கு. அதனால்தான் அவர்கள் பாசிட்டிவ் வந்த மாதிரிகளை வேறொரு கிட்டில் மறுபடி சோதித்தார்கள், பிறகு கிட்டின் பிழையையும் கழித்துத்தான் எண்ணைச் சொன்னார்கள். இப்படிச் சரிசெய்யாத எண்ணை நான் நம்ப மாட்டேன்.

தடுப்பூசி வந்தபின் இன்னொரு குழப்பம். 2021 ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டில் 66% என்றார்கள். அதில் ஊசி போட்டவர்களும் உண்டு. கோவிஷீல்டு தடுப்பூசி, வைரஸின் மேற்பரப்பில் உள்ள முள்புரதத்துக்கு மட்டுமே ஆன்டிபாடி தரும் என்பதால், வைரஸுக்குள் இருக்கும் உட்புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடினால் தொற்றைப் பிரித்தறியலாம். செயலிழந்த முழு வைரஸால் ஆன கோவாக்சின் போட்டவரிடம் அந்த வழி செல்லாது. அந்த 66%ஐத் 'தொற்று வந்தவர்கள்' என்று உங்கள் ஸ்லைடில் போட்டுவிடாதீர்கள்.