எட்டுக் கிலோ படகும் நான்கு லட்ச ரூபாய்ப் பள்ளியும்

போன வாரம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு ஓர் அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள், பையனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு. பத்தாவது முடித்திருக்கிறான். முட்டுக்காட்டில் நான்கு வருடமாகக் கயாக் என்ற துடுப்புப் படகு ஓட்டுகிறான். மாமா ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇக்குத் தயார் செய்யும் ஓர் உறைவிடப் பள்ளியில் இடம் பேசிவிட்டார். இரண்டு வருடத்துக்கு நான்கு லட்சம். பையனோ செங்டுவில் 2025 ஆகஸ்டில் நடந்த உலக விளையாட்டுகளின் கனோ மாரத்தான், அதாவது நெடுந்தூரப் படகுப் போட்டி, வீடியோவைக் காட்டி, "இதுக்குப் போனா வேலை கிடைச்சிடும்" என்கிறான்.

பதற வேண்டாம்மா என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஆறுதல் வரவில்லை.

தம்பி, முதலில் உனக்கு. கயாக்கில் ஒலிம்பிக் போவது ஸ்பிரின்ட்டும் (குறுந்தூர வேகப் போட்டி) ஸ்லாலமும்தான் (வேகநீரில் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓட்டுவது), மாரத்தான் இல்லை. உலக விளையாட்டுகள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம் நடப்பவை. பெரும்பாலும் ஒலிம்பிக்கில் இடமில்லாத ஆட்டங்களுக்கான மேடை. அடுத்தது 2029இல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, சரி. வந்தால் லாபம். அதை நம்பிப் படிப்பை நிறுத்தாதே.

மாமா, இனி உங்களுக்கு. கணக்கில் இவன் வாங்கியது 58. நாள் முழுக்க இயற்பியலும் கணிதமும் எழுத வைக்க நான்கு லட்சம், அதுவும் அக்காவின் நகையை வைத்து. இதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

பேச்சுவாக்கில் பையன் சொன்ன ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. மாரத்தானில் நடுநடுவே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும். போர்ட்டேஜ் என்பார்கள். ஸ்பிரின்ட்டில் ஒருவர் ஓட்டும் கே-1 படகு குறைந்தது 12 கிலோ இருக்க வேண்டும். மாரத்தானுக்கு 8 கிலோ போதும். இறங்குகிற அவசரத்தில் அடிப்பாகம் உரசும், சுக்கான் வளையும். கிளப்பில் விரிசல் விட்ட படகுகளை ஒட்டுவது இவன்தானாம். உப்புத்தாள் தேய்த்து, கண்ணாடியிழைத் துணி வைத்து, எபாக்சி ரெசின் என்ற பசையைத் தடவி, கடைசியில் தராசில் நிறுத்தும் பார்ப்பானாம். "ரெசின் கூடிப் போனா நூறு கிராம் ஏறிடும் சார்" என்றபோதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்தக் கைக்கு ஒரு படிப்பு இருக்கிறது. கிண்டியில் சிப்பெட், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனம், 1968இல் தொடங்கியது. பத்தாவது முடித்தவர்களுக்கு மூன்று வருட டிப்ளமோ, நுழைவுத் தேர்வு வழியாக. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் ஒன்று, பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் அச்சுகளை (மோல்டு) தயாரிக்கும் தொழில்நுட்பம் இன்னொன்று. இவனுக்கு நான் சொல்வது இரண்டாவது. கணினியில் அச்சை வரைவது, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் இரும்பைக் கடைந்து அதை உருவாக்குவது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் ஏன் என்று தேடுவது என்று வேலை பெரும்பாலும் பட்டறையில்தான். இழைப்பூச்சு வேலை படகோடு நிற்பதில்லை. காற்றாலை இறக்கை, ரயில் பெட்டியின் உட்பாகம், தண்ணீர்த் தொட்டி எல்லாமே அச்சில் வார்ப்பவைதான். பிறகு பி.இ. ஆசை வந்தால், டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. மாமா அதைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

கணக்கு அங்கேயும் உண்டு தம்பி, தப்பிக்க முடியாது. ஆனால் அது உன் தராசில் ஏறுகிற கணக்கு.

அம்மா, புதுக் கார்பன் படகு வாங்கித் தருகிறேன் என்று இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள், விலை லட்சங்களில் போகும். கிளப் படகு போதும். நகை வீட்டிலேயே இருக்கட்டும். உறைவிடப் பள்ளிக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லையென்றால் இன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். இந்த வாரத்தில் ஒரு நாள் கிண்டிக்குப் போய், சேர்க்கை அலுவலகத்தில் கட்டணத்தையும் தேர்வுத் தேதியையும் கேட்டு எழுதி வாருங்கள். மாமாவையும் கூட்டிப் போங்கள்.