முப்பது ஆண்டுப் பேச்சும் நான்கு ஆண்டுக் கட்டுமானமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். அலுவல் நிமித்தம் அண்மையில் டோக்கியோ சென்றிருந்தபோது அசாபுதாய் ஹில்ஸ் வளாகத்தைப் பார்த்தேன். அதன் முதன்மைக் கோபுரம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரம், 64 மாடிகள். 1989-இல் பேச்சைத் தொடங்கி 2023 நவம்பரில்தான் திறந்தார்களாம். அதில் கட்டுமானத்துக்கு ஆனவை நான்கே ஆண்டுகள். எனக்கு இரண்டு ஐயங்கள். எஞ்சிய முப்பது ஆண்டுகளும் வீண்தானே? அரசே நிலத்தைக் கையகப்படுத்தியிருந்தால் ஐந்தாறு ஆண்டுகளில் வேலை முடிந்திருக்காதா? அடுத்தது, அடிக்கடி நிலம் நடுங்கும் ஊரில் இவ்வளவு உயரம் எதற்கு?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

உங்கள் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்தக் கோபுரம் எழுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேடும் பள்ளமுமான நிலத்தில் சிறிய மர வீடுகளும் பழைய கட்டடங்களும் நெருக்கியடித்து நின்ற பகுதி அது. 1923-ஆம் ஆண்டு கான்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதும், அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது அதிர்வன்று, மதிய உணவு சமைக்கும் நேரத்தில் பிடித்து மர வீடுகளிடையே பரவிய தீ என்பதும் அந்த நகரம் மறக்காத செய்திகள். ஆகவே டோக்கியோவில் உயரமே ஆபத்து, தாழ்ந்த வீடே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. குறுகிய சந்துகளில் தோளோடு தோள் உரசி நிற்கும் இரண்டு மாடி மர வீடுகளை அந்த நகரத்தின் திட்டமிடுவோர் வெகுகாலமாகவே அச்சத்துடன் பார்த்து வருகிறார்கள்.

அந்தச் சந்துகளை அகலமாக்கலாம் என்றால், சின்னஞ்சிறு மனைகளில் எவருடையதிலிருந்து எத்தனை அடியை வெட்டி எடுப்பது? 8.1 ஹெக்டேர் பரப்பில் சுமார் 300 உரிமைதாரர்கள் இருந்தார்கள். எல்லா மனைகளையும் ஒன்றாக்கி, மக்களை மேல்நோக்கி அடுக்கி, தரையைத் திறந்துவிடுவதுதான் இந்த வளாகத்தை உருவாக்கிய மோரி என்ற கட்டட நிறுவனம் முன்வைத்த வழி. நடுவில் திறந்தவெளி எங்கே அமைய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே கோபுரங்களுக்கு இடம் குறித்ததாக அந்நிறுவனம் சொல்கிறது. வளாகத்தில் பசுமைப் பரப்பு மட்டும் 2.4 ஹெக்டேர். எட்டு மாடிக் கட்டடங்களால் அதே தளப்பரப்பைத் தர முயன்றிருந்தால் இந்த வெளி கிடைத்திருக்காது.

உயரத்துக்கு இன்னொரு காரணம் பணக்கணக்கு. பொறியாளரான உங்களுக்கு இதுவே முக்கியமாகப் படும் என்று நினைக்கிறேன். 1969-இல் வந்த நகர்ப்புற மறுவளர்ச்சிச் சட்டத்தின்படி, நில உரிமையாளர்களிலும் நிலக் குத்தகையாளர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் அவர்கள் ஒரு சங்கமாகி மறுகட்டுமானத்தை மேற்கொள்ளலாம். பழைய மனையின் மதிப்புக்கு ஈடான தளப்பரப்பு ஒவ்வொருவருக்கும் புதிய கட்டடத்தில் உரிமையாகக் கிடைக்கும். எவரும் கையிலிருந்து பணம் போட வேண்டியதில்லை. அப்படியானால் கட்டுமானச் செலவை ஏற்பது யார்? உரிமைதாரர்களுக்குக் கொடுத்ததுபோக எஞ்சும் தளங்களை விற்றுத்தான் செலவை ஈடுகட்ட வேண்டும். எஞ்சும் தளம் வேண்டுமென்றால் மாடிகள் கூட வேண்டும். அந்த 64 மாடிகளில் ஒரு பெரும் பகுதி இந்தக் கணக்கின் விளைவு.

மூன்றில் இரண்டு பங்கு போதும் என்று சட்டமே சொல்லும்போது முப்பது ஆண்டுகள் எதற்கு என்று கேட்பீர்கள். வாக்கெடுப்பில் வென்றுவிட்டு, எஞ்சிய நூறு குடும்பங்களைச் சட்டத்தின் பலத்தால் வெளியேற்றிய இடத்தில் ஒரு ஊரை எழுப்ப முடியாது என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். டோக்கியோவிலேயே அதே நிறுவனம் 2003-இல் திறந்த ரொப்போங்கி ஹில்ஸ் வளாகத்துக்கும் ஏறத்தாழ 400 உரிமைதாரர்களுடன் பேசிப் பேசியே 17 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொருவருடைய அச்சமும் வேறாக இருக்கும்: முதுமையில் இடம்பெயரத் தயங்குபவர், கடையின் வாடிக்கையாளர்கள் கலைந்துவிடுவார்களோ என்று கலங்குபவர், உடன்பிறந்தோரிடையே பாகம் பிரியாத மனையை வைத்திருப்பவர். இவர்களை ஒரே நாளில் கூட்டி உட்காரவைத்துத் தீர்மானம் நிறைவேற்ற இயலாது; வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். அசாபுதாய்த் திட்டத்தை நெடுங்காலம் முன்னெடுத்த, மோரி நிறுவனத்தின் தலைவராக இருந்த மினோரு மோரி 2012-இல் காலமானார். முடிந்த கோபுரத்தை அவர் பார்க்கவில்லை. அந்த முப்பது ஆண்டுகளை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. அரசு கையகப்படுத்தி ஐந்தாண்டில் முடித்திருந்தால், அதன் விலையை அந்த 300 பேர்தான் கொடுத்திருப்பார்கள்.

இதில் எனக்கு உறுத்தலே இல்லை என்று எண்ண வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கில், வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தவரின் தலை எண்ணப்படுவதில்லை. வாடகை உரிமை புதிய கட்டடத்தில் தொடரச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் மர வீட்டின் ஓர் அறைக்குக் கொடுத்த வாடகையில் கண்ணாடிக் கோபுரத்தில் எவர் குடியிருக்க முடியும்? முப்பது ஆண்டுப் பொறுமையை நான் மதிக்கும் அதே அளவுக்கு, அந்தப் பொறுமை சொத்து உள்ளவரிடம் மட்டுமே காட்டப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நெரிசலான நகரத்தில் மண்ணுக்கு அடியில் இருப்பவற்றோடும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அசாபுதாய்க்கு அருகிலுள்ள தோரானோமோன் ஹில்ஸ் 2014-இல் திறக்கப்பட்டது. அதன் அடியில் ஓடும் சாலை 1946-இல் வரைபடத்தில் இடம்பெற்றது. சாலைக்கு மேலேயே கட்டடம் எழுப்பலாம் என்று 1989-இல் சட்டம் வழிவிட்ட பிறகே அந்த இடத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைய வழி பிறந்தது. டோக்கியோ நிலையத்தை ஒட்டிய தோக்கிவாபாஷியில் இப்போது ஏறத்தாழ 385 மீட்டர் உயரத்துக்கு டார்ச் டவர் எழுந்து வருகிறது. அந்த மனையில் நகரின் கழிவுநீர் நீரேற்று நிலையமும் மின் துணைநிலையமும் இருந்தன. அவற்றை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. ஆகவே ஒரு மூலையில் புதியதைக் கட்டி, வேலையை அங்கே மாற்றிய பின்னரே பழையதை இடிப்பது என்று பத்தாண்டுக்கு மேற்பட்ட வரிசைமுறையாக அந்தத் திட்டம் வகுக்கப்பட்டது.

நிலநடுக்கம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நீண்ட காலம் ஜப்பானில் 31 மீட்டருக்கு மேல் கட்ட அனுமதி இல்லை. 1963-இல் சட்டம் தளர்ந்தது. 1968-இல் 36 மாடிகளும் 147 மீட்டரும் கொண்ட கசுமிகசேக்கி கட்டடம் முடிந்தது. விறைத்து எதிர்க்காமல் அதிர்வோடு வளைந்துகொடுக்கும் எஃகுச் சட்டகமே உயரத்துக்கு ஏற்றது என்று கியோஷி முத்தோ போன்ற அறிஞர்கள் நிறுவியதன் பலன் அது. இன்று 60 மீட்டரைத் தாண்டும் ஒவ்வொரு கட்டடத்துக்கும், நிலநடுக்க அலைகளைக் கணத்துக்குக் கணம் செலுத்திப் பார்க்கும் தனிக் கணக்கீடும் அமைச்சரின் ஒப்புதலும் தேவை.

ஆனாலும் 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கம் ஒரு புதிய பாடத்தைக் கொடுத்தது. அதன் மையத்திலிருந்து ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தள்ளி, ஒசாகா கடலோரத்தில் நின்ற 256 மீட்டர் உயரச் சகிஷிமா அரசு அலுவலகக் கட்டடம் சுமார் பத்து நிமிடம் ஆடியது. உச்சி ஒரு பக்கமாக மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் போய்த் திரும்பியது. தொலைவிலிருந்து வந்த மெதுவான அலை, ஒசாகாவின் ஆழமான வண்டல் படிவு, கட்டடத்தின் இயல்பான ஆட்டம் ஆகிய மூன்றும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டதால் வந்த வினை. அதற்குப் பின் பழைய கோபுரங்களையும் திருத்தத் தொடங்கினார்கள். 1974-இல் கட்டிய ஷின்ஜுகு மிட்சுயி கட்டடத்தின் மொட்டை மாடியில், ஒவ்வொன்றும் 300 டன் எடையுள்ள ஆறு ஊசல் குண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்; கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது அவை பின்தங்கி ஆடி, ஆட்டத்தின் வேகத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே உயரம் தன்னளவில் மூடத்தனமன்று. ஆனால் அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு ஆபத்தானது.

நான்கு ஆண்டுகளில் எப்படிக் கட்டினார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டோக்கியோவின் கட்டுமான வேலியருகே நின்றிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: அந்த வாரம் எந்த நாளில் என்ன வேலை என்ற அட்டவணையும், அந்த நொடியின் இரைச்சலையும் அதிர்வையும் எண்ணில் காட்டும் பலகையும் தெருவைப் பார்த்து மாட்டப்பட்டிருக்கும். உச்சியில் நிற்கும் பெரிய கிரேனை இறக்குவதும் அழகான வேலை. அது தன்னைவிடச் சிறிய கிரேனை மேலே தூக்கி வைக்கும். சிறியது பெரியதைக் கழற்றிக் கீழே இறக்கும். பிறகு இன்னும் சிறியது வந்து அதைக் கழற்றும். கடைசியாக மிஞ்சுவதைப் பிரித்து, பாகம் பாகமாக லிஃப்டில் கொண்டுவந்துவிடுவார்கள்.

அரசின் கையில் நிலம் இருந்தால் விரைவாக முடியும் என்ற உங்கள் நம்பிக்கைக்கு, அடுத்த பயணத்தில் டோக்கியோவின் நகானோவுக்குப் போய்வருமாறு சொல்வேன். 1973-இல் திறந்து 2023-இல் மூடிய சன்பிளாசா கட்டடமும் பழைய வட்டார அலுவலகமும் இருந்த இடத்தில் 262 மீட்டர் கோபுரம் எழுப்புவதாக இருந்தது. பெரும்பகுதி வட்டார நிர்வாகத்தின் நிலம். வீடு வீடாகப் போய்ப் பேச அங்கே 300 பேர் இல்லை. ஆனால் கட்டுமானச் செலவு முதலில் போட்ட கணக்கை வெகுவாகத் தாண்டியதால், தளங்களை விற்று ஈடுகட்டலாம் என்ற அதே சூத்திரம் அங்கே பலிக்கவில்லை. 2025-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அன்புடன்,
ஆசிரியர்