ஹார்லெம் நாக்டர்ன் – கடிதம்

அன்புள்ள சார்,

சாக்ஸபோன் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ‘ஹார்லெம் நாக்டர்ன்’ என்ற ஜாஸ் மெட்டைக் கேட்டேன். தொடங்கியதுமே மழையில் நனைந்த தெரு, பூட்டிய கடைகள், தொப்பி வைத்த துப்பறிவாளர் எல்லாம் கண்ணில் வந்துவிட்டன. இந்த இரவுக் காட்சி இசையிலேயே இருக்கிறதா, சினிமா என் தலையில் ஏற்றியதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சினிமாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1940களின் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வயலின்கள் நிறைந்த பெரிய வாத்தியக்குழுதான் ஒலிக்கும். துப்பறிவாளருக்குப் பின்னால் ஒற்றை சாக்ஸபோன் அழுவது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்த மெட்டு மைக் ஹாமர் என்ற துப்பறிவாளரின் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை ஆனது 1984இல். மெட்டு பிறந்ததோ 1939இல்.

எழுதியவர் ஏர்ல் ஹேகன். ரே நோபிளின் நடன இசைக்குழுவில் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தார், வயது 20தான். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் குழுவின் ஜானி ஹாட்ஜஸ் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் விதம் அவரைப் பிடித்து ஆட்டியிருந்தது. ஹாட்ஜஸ் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ மாட்டார், வழுக்கிக்கொண்டே போவார். நம் கர்நாடக இசையில் ஜாரு என்பார்களே, கிட்டத்தட்ட அது. போய்ச் சேர வேண்டிய சுரம் கொஞ்சம் தாமதமாகவே வரும். அவசரமில்லாத ஒருவர் பேசுவது போல இருக்கும்.

அப்புறம் மூச்சு. எனக்கு இதுதான் முக்கியம். சாக்ஸபோனைக் கீழ்ஸ்தாயியில் மெல்ல ஊதும்போது சுரத்தோடு காற்றும் சேர்ந்து கேட்கும். கூட்டமும் சத்தமும் உள்ள இடத்தில் அது காதில் விழவே விழாது. விழுகிறது என்றால் ஊர் அடங்கியிருக்க வேண்டும், இல்லை வாசிப்பவர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை நம் காது தானாகவே போட்டுக்கொள்கிறது. நீங்கள் பார்த்த தெருவில் ஆள் யாரும் இல்லாதது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நிறையப் பேர் வாசித்திருக்கிறார்கள். 1959இல் வைகவுண்ட்ஸ் என்ற குழு செய்த பதிவில் கிதார் நடுங்கிக்கொண்டே வரும், பலருக்கு அதுதான் பிடித்தது. என் மனம் 1945இல் ஜானி ஓட்டிஸ் குழு வாசித்ததற்கே போகிறது. தாளம் அவ்வளவு நிதானம்.

அதை ஒருமுறை பகல் 12 மணிக்கு, ஹெட்போனில் கேளுங்கள். வெயிலில் உட்கார்ந்து கேட்டாலும் அந்தத் தெரு வருகிறதா என்று எழுதுங்கள்.